சிக்கனமாய்க் கணினி நினைவகம் தெரிவுசெய்தலும் அதனை மிதமாய் விரைவுபடுத்தலும்

கல்வி கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் முன்னொரு காலத்தில் ஏடும் எழுத்தாணியும் எவ்வாறு இன்றியமையாதனவாய் இருந்தனவோ, அவ்வாறே இன்று கணினி இருந்து வருகின்றது. ஆயினும், ஏட்டில் எழுதியோன் ஓலையின் பதம் அறிந்து அதனைத் தெரிந்தெடுக்கக் கற்றிருந்தான். கணினியைக் கையாளும் எம்மிற் பலர் அதன் உறுப்புக்களைத் தெரியும் பொறுப்பை முழுதும் கடைக்காரரிடமே விட்டுவிடுகின்றோம். கடைக்காரர் தம்மிடம் உள்ளதை விற்பார், அது குற்றமன்று. தனக்கு வேண்டியது யாது, அதற்குத் தக்க விலை யாது என்பதை வாங்குவோன் அறியாதிருத்தலே குறை.

இக்கட்டுரை கணினியின் உறுப்புக்களுள் நினைவகம் ஒன்றினை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. பேச்சு வழக்கில் ‘றாம்’ எனப்படும் இவ்வுறுப்பினைக் குறைந்த பொருட்செலவில் எவ்வாறு தெரிவது, தெரிந்தபின் அதனை அதன் பொது நியமத்துக்குச் சற்று மேலாக எவ்வாறு விரைந்து இயங்கச் செய்வது, அவ்வாறு செய்யுங்கால் எவ்விடத்தில் நின்றுகொள்ள வேண்டும் என்னும் மூன்றுமே ஈண்டு விளக்கப்படும். நியமத்துக்கு மேலாக விரைவுபடுத்தும் இம்முறை ‘ஓவர்குளொக்கிங்’ என வழங்குவது. நாம் இதனை மிகைவேகம் என்போம். எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது டி.டி.ஆர்.4 என்னும் வகை நினைவகமும், ஏ.எம்.டி. கொம்பனியின் ஏ.எம்.4 தாய்ப்பலகையில் அமரும் றைசன் செயலிகளும் ஆம். சிறுதொகை கொண்டு கணினி கூட்டுவோர் பெரிதும் நாடிய கூட்டு இது. பழைய பாகங்களாகக் கைமாறுவனவற்றுள்ளும் இதுவே மிகுதி.

நினைவகத்தின் இயல்பு

நினைவகச் சில்லு ஒன்றினுள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் நிரைநிரலாய் அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையிலும் ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் உண்டு. கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் அது 1, இல்லையேல் 0. இவ்வெளிய அமைப்பைக் கண்டவர் ஐ.பி.எம். கொம்பனியின் ஆய்வாளர் றொபேட் டெனாட் என்பவர். 1968 ஆம் ஆண்டில் அவருக்கு இதன் பொருட்டு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. 1970 இல் இன்ரெல் கொம்பனி விற்பனைக்குக் கொணர்ந்த 1103 என்னும் சில்லு 1,024 அறைகளைக் கொண்டிருந்தது. இன்று ஒரு டி.டி.ஆர்.4 சில்லில் 800 கோடிக்கும் மேற்பட்ட அறைகள் இருத்தல் இயல்பு.

கொள்ளளவி ஓட்டைக்குடம் போன்றது. அதில் இட்ட மின்னேற்றம் சிறிது சிறிதாய்க் கசிந்துவிடும். ஆதலின் ஒவ்வொரு நிரையையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை படித்து மீண்டும் நிரப்பவேண்டும். டி.டி.ஆர்.4 இல் இக்காலம் 64 மில்லிசெக்கன். சில்லின் வெப்பநிலை 85 பாகை செல்சியசைத் தாண்டினால் கசிவு மிகும். அப்போது 32 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை நிரப்பவேண்டுமென்பது நியமம். வெப்பம் நினைவகத்துக்குப் பகை என்னும் இவ்வுண்மையை வாசகர் மனத்திருத்துக. பின்னர் இது வேண்டப்படும்.

எண்கள் கூறும் பொருள்

றாம் தகட்டின் பெட்டியிற் பெரிதாய் அச்சிடப்பட்டிருக்கும் 3200, 3600 முதலிய எண்கள் வேகத்தைக் குறிப்பன. இவற்றைப் பலர் மெகாஹேட்ஸ் என்றே சொல்லுவர். உண்மையில் 3200 என்னும் தகட்டின் கடிகார மீடிறன் 1600 மெகாஹேட்ஸ் மட்டுமே. ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்திலும் இறக்கத்திலுமாக இருமுறை தரவு செல்வதால், செக்கனுக்கு 320 கோடி மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் 8 பைற்றுகள் செல்லும். எனவே ஒரு வழியிற் செக்கனுக்கு 25.6 கிகாபைற்று செல்லலாம். இரண்டு வழிகளிலும் சேர்த்து 51.2 கிகாபைற்று.

வேகத்தை அடுத்து 16-18-18-36 என்றாற்போல நான்கு எண்கள் காணப்படும். இவை சுணக்கத்தைக் குறிப்பன; கடிகாரத் துடிப்புக்களாற் கணிக்கப்படுவன. முதலாவது எண் சீ.எல். எனப்படும். திறந்துள்ள நிரையில் வேண்டிய நிரலைக் கேட்டது முதல் விடை வரும்வரை கழியும் துடிப்புக்களை இது கூறும். இரண்டாவது, நிரையைத் திறந்தபின் நிரலைக் கேட்பதற்குக் காத்திருக்கும் காலம். மூன்றாவது, திறந்த நிரையை மூடி அடுத்த நிரைக்கு ஆயத்தமாகும் காலம். நான்காவது, ஒரு நிரை ஆகக் குறைந்தது எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது. நூலகத்தில் அலுமாரியைத் திறத்தல், நூலை எடுத்தல், அலுமாரியைப் பூட்டுதல் என்பவற்றுக்கு ஆகும் நேரங்களை வெவ்வேறாய்க் கணிப்பது போன்றது இது.

இங்கே வாங்குவோர் பெரிதும் மயங்கும் இடம் ஒன்றுண்டு. சீ.எல். துடிப்புக் கணக்கேயன்றி நேரக் கணக்கன்று. அதனை நேரமாக்க, 2000 ஐச் சீ.எல். எண்ணாற் பெருக்கி, வேக எண்ணால் வகுக்க வேண்டும். வரும் விடை நனோசெக்கன். 3200 வேகமும் சீ.எல். 16 உம் உடைய தகட்டின் சுணக்கம் 10 நனோசெக்கன். 3600 வேகமும் சீ.எல். 18 உம் உடையதற்கும் அதே 10 நனோசெக்கன். ஆனால் 3200 வேகமும் சீ.எல். 22 உம் உடையதற்கு 13.75 நனோசெக்கன். 2666 வேகமும் சீ.எல். 19 உம் உடையதற்கு ஏறக்குறைய 14.25 நனோசெக்கன். ஆகவே, ‘3200’ எனப் பெயர் பொறித்த இரு தகடுகள் ஒரே தரத்தன என்று எண்ணி, விலை குறைந்ததை வாங்குவோன் ஏமாறக்கூடும். பெட்டியின் பெரிய எண்ணை மட்டும் பாராது சிறிய எண்களையும் பார்த்தல் வேண்டும் என்பதே இக்கணக்குத் தரும் முதற் பாடம்.

மிகைவேகத்துக்கு இடம் எங்ஙனம் உண்டாகிறது

நினைவகங்களுக்கான பொது நியமங்களை வகுப்பது ஜெடெக் என்னும் அமைப்பு. அதன் நியமப்படி டி.டி.ஆர்.4 தகடு 1.2 வோல்ற்றில் இயங்க வேண்டும். நியமத்தின் ஆகக்கூடிய வேகம் 3200. எந்தத் தாய்ப்பலகையிலும், எந்த வெப்பத்திலும், ஆண்டுக்கணக்கிற் பிழையின்றி இயங்கவேண்டும் என்பது கருதியே நியமச் சுணக்கங்கள் தாராளமாய் வைக்கப்பட்டுள்ளன. பாலம் ஒன்றினைக் கட்டும் பொறியியலாளர், அதன்மேற் செல்லும் பாரத்திலும் மிகுதியான பாரத்தைத் தாங்குமாறு கட்டுவதில்லையா? அத்தகைய மிகுதியே இங்கும் உண்டு. அம்மிகுதியில் ஒரு பகுதியைப் பயன்படுத்திக்கொள்ளுதலே மிதமான மிகைவேகம். முழுவதையும் உறிஞ்ச முயல்வது பேராசை.

தகடு செய்வோரும் இம்மிகுதியை அறிவர். ஆதலின் அவர்கள் நல்ல சில்லுகளைத் தெரிந்து, 1.35 வோல்ற்றில் இன்ன வேகத்தில் இன்ன சுணக்கத்தோடு இயங்கும் எனச் சோதித்து, அவ்விவரத்தைத் தகட்டிலுள்ள சிறு சில்லு ஒன்றிற் பதிந்துவிடுகின்றனர். இப்பதிவுக்கு எக்ஸ்.எம்.பி. என்று பெயர், இன்ரெல் கொம்பனி 2007 இல் டி.டி.ஆர்.3 வகையோடு அறிமுகஞ் செய்தது. கணினியின் பயோஸ் அமைப்பில் இதனைத் தெரிந்தாலன்றித் தகடு பழைய நியம வேகத்திலேயே இயங்கும். 3600 வேகத் தகட்டைப் பணங்கொடுத்து வாங்கி, ஆண்டுக்கணக்காக அதனை 2400 அல்லது 2666 இல் ஓட்டி வருவோர் பலர். தம் கணினி எவ்வேகத்தில் இயங்குகின்றதென்பதை விண்டோஸ் பணி முகாமையின் நினைவகப் பக்கத்தில் எவரும் ஒரு நிமிடத்திற் காணலாம். சல்லிக்காசு செலவின்றிக் கிடைக்கும் முதல் ஊதியம் இதுவே.

வேகத்துக்கு முன் கொள்ளளவு

சிக்கனம் நாடுவோன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, எவ்வளவு வேகம் என்பதன்று. எவ்வளவு இடம் என்பதே. நினைவகத்தில் இடம் போதாதபோது கணினி தன் தரவுகளைத் தட்டுக்கு மாற்றி, மீண்டும் அங்கிருந்து எடுக்கும். நினைவகத்திலிருந்து ஒன்றைப் பெறச் செயலிக்கு ஏறக்குறைய 70 முதல் 100 நனோசெக்கன் செல்லும். திண்மநிலைத் தட்டிலிருந்து பெறப் பல்லாயிரம் நனோசெக்கன் செல்லும். பழைய சுழலும் வன்றட்டிலோ ஏறக்குறைய ஒரு கோடி நனோசெக்கன். சுணக்கத்தில் இரண்டு நனோசெக்கன் குறைப்பதற்காகக் கொள்ளளவைக் குறைத்து வாங்குவது, வண்டிக்கு எண்ணெயிடக் காசு வேண்டி மாட்டை விற்பது போலாம். பொதுப்பணிகளுக்கு 16 கிகாபைற்று. படத்தொகுப்பு, பெருங்கணிப்பு முதலியன செய்வோருக்கு 32 கிகாபைற்று என்பது நடைமுறைக்கு ஏற்ற அளவு.

அடுத்தது வழிகளின் எண்ணிக்கை. இவ்வகைச் செயலிகளுக்கு நினைவக வழிகள் இரண்டு. 16 கிகாபைற்றை ஒரே தகடாய் வாங்கினால் ஒரு வழி வாளாவிருக்கும். எட்டு எட்டாய் இரண்டு தகடுகள் வாங்கினால் இருவழியும் பயன்படும். இவற்றை எத்துளையிற் செருகுவது என்பதும் கவனிக்கத்தக்கது. நான்கு துளைகளுள்ள பெரும்பாலான பலகைகளில், செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமே உரியவை. பலகையின் கைந்நூலிற் பார்த்து உறுதிசெய்க. இரண்டும் ஒரே பெட்டியில் இணையாய் வந்தனவாயிருத்தல் நலம். இன்று ஒன்றும் ஆறு மாதங்கழித்து ஒன்றுமாய் வாங்கினால், பெயர் ஒன்றாயிருப்பினும் உள்ளிருக்கும் சில்லு வேறாயிருக்கலாம். நான்கு தகடுகளைச் செருகினால் நினைவகக் கட்டுப்படுத்திக்குப் பாரம் மிகும். வேகம் கூட்டுதற்கு இடம் குறையும்.

எல்லையை வகுப்பவை செயலியும் பலகையும்

தகடு எவ்வளவு சிறந்ததாயினும், செயலியும் பலகையும் இடங்கொடாவிடிற் பயனில்லை. இன்ரெல் பலகைகளில் இது சிறப்பாய்க் கவனிக்கத்தக்கது. 2021 இல் வந்த பி560 வரிசைக்கு முந்திய பி வரிசைப் பலகைகள், செயலிக்கு விதித்த நியம வேகத்துக்கு மேல் நினைவகத்தை ஓட்ட இடந்தரவில்லை. எச்610 பலகையும் அவ்வாறே. அத்தகைய பலகை உடையோர் மிகைவேகத் தகட்டுக்குக் கூடிய விலை கொடுப்பது வீண். ஏ.எம்.டி. பலகைகளுள் ஏ520, பி450, பி550 முதலியன நினைவக மிகைவேகத்துக்கு இடந்தருவன.

றைசன் செயலிகளுக்கு மற்றொரு நியாயமும் உண்டு. அவற்றினுள்ளே பகுதிகளை இணைக்கும் உள்ளிணைப்பு ஒன்று உளது. அதன் மீடிறனும் நினைவகக் கடிகார மீடிறனும் ஒன்றாயிருக்கும்போதே சுணக்கம் குறைவு. 2019 இல் வந்த 3000 வரிசையிலும், அதன்பின் வந்த 5000 வரிசையிலும், பெரும்பாலான செயலிகளின் உள்ளிணைப்பு 1800 மெகாஹேட்ஸ் வரை தடையின்றிச் செல்லும். 1900 ஐ எட்டுவன சிலவே. 1800 இன் இருமடங்கு 3600. எனவே இச்செயலிகளுக்கு 3600 என்பதே இயற்கையான எல்லை. அதற்கு மேற்பட்ட 4000, 4400 முதலிய வேகங்களில் இரு மீடிறன்களும் பிரிந்து, சுணக்கம் கூடிவிடும். கூடிய விலைகொடுத்து வாங்கிய வேகமான தகடு, குறைந்த விலையதிலும் மெதுவாய்த் தொழிற்படும் விந்தை இவ்வாறு நிகழ்கின்றது.

பெயர்ப்பட்டியின் கீழ் இருப்பது யாது

சந்தையிற் பல பெயர்களில் றாம் விற்கப்படினும், அவற்றின் சில்லுகளைப் பெரும்பாலும் செய்தோர் மூவரே: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். தகட்டுக் கொம்பனிகள் இவர்களிடம் சில்லு வாங்கித் தம் பெயரை ஒட்டுகின்றன. ஒரே பெயருள்ள தகட்டில் மாதத்துக்கு ஒரு சில்லு மாறி வருதலும் உண்டு.

இவற்றுட் சாம்சங்கின் 8 கிகாபிற்று ‘பி’ வகைச் சில்லு புகழ்பெற்றது. வோல்ற்றளவைக் கூட்டக்கூட்ட அதன் சுணக்கங்கள் எல்லாம் குறைந்துகொண்டே வரும். 3200 வேகத்தில் 14-14-14 என எண்கள் சமமாய் இருப்பின், பெரும்பாலும் அதுவே உள்ளிருப்பது. ஆயின் அதன் விலை எப்போதும் உயர்வு. வெப்பத்தையும் எளிதிற் பொறுக்காது. சிக்கனம் நாடியோர் விரும்பிக்கொண்டது மைக்ரோனின் ‘ஈ’ வகைச் சில்லு. 3000 வேகம் சீ.எல். 15 அல்லது 3200 வேகம் சீ.எல். 16 எனக் குறைந்த விலையில் விற்கப்பட்ட குரூசியல் பலிஸ்ரிக்ஸ் தகடுகளில் இது இருந்தது. எளிதில் 3600 ஐ எட்டும் இயல்பினது. அத்தகடுகளின் உற்பத்தி 2022 இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் பழைய பாகங்கள் விற்போரிடம் அவை இன்னும் கைமாறுகின்றன. ஹைனிக்ஸ் சில்லுகள் உயர் வேகத்தை எட்டுவன. முதலெண்ணை விட இரண்டாம் மூன்றாம் எண்கள் சற்றுக் கூடியிருத்தல் அவற்றின் இயல்பு.

இத்தனையும் அறிந்தபின் தெரிவு எளிதாகின்றது. டி.டி.ஆர்.4 தகட்டினை நாடுவோன், 3200 வேகம், சீ.எல். 16, வோல்ற்றளவு 1.35 என்று குறித்த இணைத் தகடுகளை முதலிற் பார்க்க. 3600 வேகமும் சீ.எல். 18 உம் உடையவை ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைப்பின் அவற்றையே கொள்க; சுணக்கம் சமமாயிருக்க, கொண்டுசெல்லும் தரவு எட்டில் ஒரு பங்கு கூடும். 3200 வேகமும் சீ.எல். 22 உம் 1.2 வோல்ற்றும் குறித்தவை நியமத் தகடுகள், நல்லவையே, மிகைவேகத்துக்கென வாங்கத்தக்கன அல்ல. சீ.எல். 14 தகடுகளின் மிகைவிலையைக் கொள்ளளவிலோ திண்மநிலைத் தட்டிலோ இடுவது அறிவுடைமை. வண்ண விளக்குக்களுக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்கு விருந்தேயன்றிக் கணினிக்கு ஊட்டமன்று. 1.35 வோல்ற்றில் ஓடும் தகட்டுக்குப் பருத்த உலோகக் கவசமும் தேவையில்லை, காற்றோட்டமே போதும்.

பழைய தகடுகளை வாங்குவோர், இரண்டும் ஒரே தொகுதியைச் சேர்ந்தனவா எனப் பெயர்ப்பட்டியை ஒப்பிட்டுப் பார்த்து, சோதித்தபின்னரே பணத்தைக் கொடுத்தல் நன்று.

விரைவுபடுத்தும் முறை

தொடங்குமுன் முக்கிய கோப்புக்கள் யாவற்றுக்கும் வேறிடத்திற் பிரதி எடுத்துவைத்தல் வேண்டும். பயோஸ் பழையதாயின் புதுப்பிக்க. ஆனால் மின்சாரம் தடைப்படக்கூடிய வேளையில் அதனைச் செய்யற்க. இடையில் மின்சாரம் நின்றால் பலகையே பயனற்றுப் போதல் கூடும்.

முதற்படியாக எக்ஸ்.எம்.பி. பதிவைத் தெரிந்து, கணினி செவ்வனே தொடங்குகின்றதா என நோக்குக. அவ்வளவிற் சோதனை செய்து, பிழையில்லை எனக் கண்டபின்னரே மேலே செல்லவேண்டும்.

இரண்டாம் படி வேகத்தைக் கூட்டல். 3200 தகடாயின், சுணக்க எண்களை முதலில் 18-22-22-42 எனத் தளர்த்திவிட்டு, வேகத்தை 3333, 3466, 3600 எனப் படிப்படியாய் உயர்த்துக. உள்ளிணைப்பின் மீடிறனை ஒவ்வொரு முறையும் வேக எண்ணின் பாதியாய் வைக்க. தகட்டின் வோல்ற்றளவு 1.35 இல் நிற்கட்டும், வேண்டுமாயின் 1.4 வரை செல்லலாம். நியமம் கூறும் அறுதி எல்லை 1.5 வோல்ற்று, அதனை அணுகுதல் மிதம் ஆகாது. நினைவகக் கட்டுப்படுத்தி அமைந்துள்ள பகுதிக்கான வோல்ற்றளவு 1.1 அளவிற் போதியது.

மூன்றாம் படி சுணக்கத்தைக் குறைத்தல். 18 என்பதை 16 ஆக்குக, சோதிக்க. பின் 22 என்பதை 21, 20 எனக் குறைத்துச் சோதிக்க. ஒருபோதும் இரண்டு எண்களை ஒருசேர மாற்றற்க. பிழை வந்தால் எதனால் வந்ததென அறிதல் இயலாது. றைசன் பலகைகளிற் ‘கியர் டவுன்’ என்னும் அமைப்பு இயங்கும்போது ஒற்றைப்படைச் சீ.எல். எண் இரட்டைப்படையாக உயர்த்தப்படும் என்பதையும் அறிந்துகொள்க. 15 என இட்டவர் 16 இலேயே ஓட்டுவார். ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் விளைவையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுதல் வேண்டும். விஞ்ஞான ஆய்கூடத்திற் கற்ற ஒழுங்கு இங்கே கைகொடுக்கும்.

கணினி தொடங்காவிடின் அஞ்சவேண்டாம். பெரும்பாலான பலகைகள் சிலமுறை முயன்றுவிட்டுத் தாமே பழைய நிலைக்கு மீளும். மீளாவிடின், மின்கம்பியை அகற்றி, பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைச் சிறிதுநேரம் கழற்றி மீண்டும் இடுக. அமைப்பு யாவும் ஆதிநிலைக்கு வரும்.

சோதனையும் அதன் இன்றியமையாமையும்

இனிக் கூறப்படுவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. நினைவகத்தை மட்டுமீறி விரட்டுவதால் விளையும் பெருங்கேடு கணினி நின்றுபோதல் அன்று. நின்றுபோனால் நாம் அறிந்துகொள்வோம், திருத்திக்கொள்வோம். நில்லாமல், ஓசையின்றி, ஒரு பிற்று மாத்திரம் மாறிவிடுவதே கேடு. மாணவர் ஒருவர் பெற்ற புள்ளி 75 என்க. எட்டுப் பிற்றுகளில் அது 01001011 என நிற்கும். இடமிருந்து இரண்டாவது பிற்று 1 இலிருந்து 0 ஆக மாறினால், அவ்வெண் 00001011, அதாவது 11 ஆகிவிடும். திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றாது. அப்பிழையோடு கோப்புச் சேமிக்கப்படும். அதன் பிரதியும் பிழையோடே எடுக்கப்படும். பரிசோதனை ஏடாயினும், வங்கிக் கணக்காயினும், இறந்துபோன தாய்தந்தையரின் நிழற்படமாயினும் அதே கதிதான். வழு கண்டு திருத்தும் நினைவகங்கள் பெருங்கணினிகளுக்கென உள்ளன. வீட்டுக் கணினிகளிற் செருகும் சாதாரண டி.டி.ஆர்.4 தகடுகளில் அக்காவல் இல்லை. காவலனாய் இருக்கவேண்டியவர் நாமே.

ஆகவே, கணினி தொடங்கிவிட்டது, விளையாட்டு ஓடுகின்றது என்பன சான்றாகா. மெம்ரெஸ்ற்86+ என்னும் இலவச மென்பொருளை ஒரு நினைவுக்கோலிற் பதிந்து, அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, நான்கு சுற்றுக்களாவது ஓடவிடுக. அதன்பின் விண்டோஸ் அல்லது லினக்ஸ் இயங்கும் நிலையிலும் நினைவகத்தையும் செயலியையும் ஒருங்கே வருத்தும் சோதனையை ஓர் இரவு முழுதும் நடத்துக. ஒரேயொரு பிழை வரினும் அவ்வமைப்புத் தோல்வியே. ‘ஒன்றுதானே’ என்னும் சமாதானம் இங்கே செல்லாது. பிழையின்றித் தேறியபின்னரும் ஒருபடி கீழிறங்கி நிற்றல் சிறந்தது. காலையின் குளிர்ச்சியிற் தேறிய தகடு, எமது நாட்டின் பங்குனி சித்திரை நண்பகலில், மூடிய அறையிற் தவறக்கூடும். கசியும் கொள்ளளவியைப் பற்றி முன்னர்ச் சொன்னது நினைவிருக்கும். சோதனையை வெப்பம் மிகுந்த வேளையிலும் ஒருமுறை நடத்துக.

பலர் பயன்படுத்தும் கணினிகளிலும், கல்லூரி அலுவலகம், ஆய்கூடம் முதலியவற்றின் கணினிகளிலும் எக்ஸ்.எம்.பி. பதிவுக்கு மேலே செல்லாதிருத்தலே முறை. நியம வேகத்திலேயே விடுதல் இன்னும் மேலானது. அங்குள்ள தரவு எமதன்று; பிறருடையது. செயலி செய்யும் கொம்பனிகளும் நியம எல்லைக்கு மேற்பட்ட இயக்கத்தால் நேரும் பழுதுக்கு உத்தரவாதம் ஏற்பதில்லை.

கிடைக்கும் பயன் எவ்வளவு

இவ்வளவு முயற்சிக்கும் பயன் யாது எனில், செய்யும் பணியைப் பொறுத்தது அது. எழுத்து வேலை, மின்னஞ்சல், நிகழ்படம் பார்த்தல் ஆகியவற்றில் வேறுபாடு புலப்படாது. செயலியே எல்லையாய் நிற்கும் விளையாட்டுக்களிலும், கோப்புக்களைச் சுருக்கும் பணியிலும் கணிசமான பயன் உண்டு. தனி வரைகலை அட்டை இன்றி, செயலியினுள் அமைந்த வரைகலையையே நம்பும் றைசன் 5 5600ஜி போன்ற கணினிகளிற் பயன் மிக அதிகம்; அங்கே வரைகலையும் இதே நினைவகத்திலிருந்தே உண்ணவேண்டியிருத்தலே காரணம். 2666 இல் ஒற்றைத் தகடாய் ஓடியதை 3600 இல் இணைத் தகடாய் மாற்றியோர் பெருமாற்றத்தை உணர்வர். 3600 இல் சீ.எல். 18 ஐ 16 ஆக்கியோர் அளவுகருவி கொண்டே அதனை உணர்வர்.

2020 இல் டி.டி.ஆர்.5 நியமம் வெளியாயிற்று. 2021 முதல் வீட்டுக் கணினிகளில் அது புகுந்தது. 2022 இல் வந்த ஏ.எம்.5 பலகைகள் அதனை மட்டுமே ஏற்கும். புதிதாய்க் கூட்டுவோர் அதனை நாடுதல் இயல்பே. ஆனால் 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியிற் செயற்கை அறிவுக்கான பெரும் தரவு நிலையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டமையால் நினைவக விலை உலகெங்கும் கடுமையாய் உயர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் மைக்ரோன் கொம்பனி குரூசியல் என்னும் தன் சில்லறை வணிகத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. இத்தகைய வேளைகளிற் புதிது வாங்குவதினும், கையிலுள்ள தகட்டின் முழுத் தகைமையையும் பெற அறிந்திருப்பது பெரும் ஊதியமாகும்.

தொகுத்துக் கூறுமிடத்து: கொள்ளளவு முதல், இணைத் தகடு அடுத்து, செயலியும் பலகையும் இடந்தருமளவே வேகம், வேகத்தோடு சுணக்கத்தையும் சேர்த்தே கணித்தல், இறுதியிற் சோதனை. இவ்வொழுங்கிற் செல்லும் மாணவர் செலவைக் குறைப்பது மட்டுமன்றி, தாம் நாடோறும் கையாளும் கருவி எவ்வாறு தொழிற்படுகின்றதென்பதையும் தம் கையாலேயே கற்றுக்கொள்வர். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பர் பெரியோர். எவ்வளவு விரைவாய் ஓடும் என்பதினும், எவ்வளவு விரைவிற் பிழையின்றி ஓடும் என்பதே கேட்கத்தக்க கேள்வி. நேற்று இட்டதை இன்று மாறாமல் திருப்பித் தருவதே நினைவகத்தின் கடன்; அக்கடனுக்கு ஊறு செய்யாத வேகமே வேகமாகும்.